பதினோரு வருடம் நின்ற தையல் மெஷின்

2020 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு தொடங்கிப் பத்தாம் நாள். சாய்ப்பில் விறகுக்கும் உரச்சாக்குக்கும் நடுவே கிடந்த தையல் மெஷினை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தோம். அது ஒழுங்காக ஓட இரண்டு வாரம் ஆனது. என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்று எழுதிவைக்கிறேன். இப்படி ஒரு மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறவர்களுக்கு உதவும். இதை எழுதும்போது அப்பாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். வீட்டில் நான், பத்தாம் வகுப்புப் பரீட்சை தள்ளிப்போன மகள், 74 வயது மாமி (கணவரின் அம்மா). கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரே அறையில் எட்டுப் பேர். அப்பாவும் அம்மாவும் மார்த்தாண்டம் தாண்டி, குழித்துறை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ் ஓடிய நாளில் அழகியமண்டபம், சுவாமியார்மடம் வழியாக முக்கால் மணி நேரத்தில் போய்விடுவேன். ஊரடங்கில் மஸ்கட்டும் மார்த்தாண்டமும் ஒரே தூரம் ஆகிவிட்டன. இரண்டு பக்கமும் போன்தான்.

மெஷினை எடுத்தது முகக்கவசம் தைக்க. மூன்று அடுக்கு முகக்கவசத்தை 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மார்ச் மாதமே மத்திய அரசு விலை வைத்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்து மெடிக்கல் கடைகளில் சரக்கே இல்லை. மாமிக்கு ஆஸ்துமா உண்டு. ரேஷன் கடையில் 1,000 ரூபாயும் அரிசியும் வாங்க வரிசையில் நிற்க வேண்டியது நான்தான். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய் வந்தேன். அன்று இரவு மாமி இருமியபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். வழக்கமான இருமல்தான். ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

மெஷின் 2003-இல் என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. கறுப்பு இரும்புத் தலை, கால் மிதி, மர மேசை. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் தையல்காரர். கடையை விட்ட பிறகும் வீட்டுத் திண்ணையில் ஒரு மெஷின் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சின்னச் சின்ன வேலை செய்துகொடுப்பார். நான் 2009 வரை தைத்தேன். பிறகு வேலை, பிள்ளை, வீடு என்று அது சாய்ப்புக்குப் போனது.

வீலைக் கையால் சுற்றினேன். அசையவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். படம் எடுத்து அனுப்ப வழியில்லை. நான் சொல்வதைக் கேட்டும், மெஷின் சத்தத்தைக் கேட்டும்தான் அவர் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளையை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மக்களே, முதல்ல வீலுக்கு நடுவுல இருக்கிற திருகைத் தளத்திப் பாரு. வீல் மட்டும் தனியா சுத்துதா?"

சுற்றியது. அப்படியென்றால் கோளாறு வீலில் இல்லை, தலைக்குள்ளே.

"சரி. உள்ள ரெண்டு விதமா நிக்கும் கேட்டியா. முழுச் சுத்தும் கனமா இருந்தா எண்ணெய் இறுகிப் போச்சு. லேசா வந்து ஒரு இடத்துல டக்குன்னு நின்னா ஷட்டில்ல நூல் மாட்டியிருக்கு. பலம் போட்டுத் திருப்பாண்டாம்."

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. மெஷின் நின்றதும் நாம் செய்கிற முதல் தப்பு, வீலைப் பிடித்து வலுவாகத் திருப்புவது. உள்ளே நூல் சிக்கியிருந்தால் ஊசி வளையும், மேல் நூலைப் பிடித்து அடி நூலோடு பின்னும் ஷட்டிலின் கூர்முனை தேயும். இன்னொன்றும் அப்பா சொன்னார்: ஊசியும் ஷட்டிலும் சந்திக்கிற நேரத்தை மாற்றுகிற திருகுகளைத் தொடவே கூடாது. வீடியோக்களில் அதைத்தான் முதலில் திருப்பச் சொல்கிறார்கள். சும்மா கிடந்த மெஷினில் அந்த நேரம் தானாக மாறாது. அழுக்குதான் காரணமாக இருக்கும்.

என் மெஷினில் முழுச் சுற்றும் கனமாக இருந்தது. முகப்புத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் வெல்லப்பாகு போலப் பழுப்பாக இறுகியிருந்தது. முகர்ந்தேன். காறிப்போன தேங்காயெண்ணெய் வாடை. மாமியிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீ மறுபடி தைப்பேன்னு நினைச்சு அப்பப்ப ரெண்டு சொட்டு விட்டேன் மக்களே. துருப் பிடிச்சிரக் கூடாதுல்லா."

மாமி அக்கறையாகச் செய்தது அது. ஆனால் தேங்காயெண்ணெய் மெஷினுக்கு ஆகாது. நாள்பட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகும். மார்கழிக் குளிரில் உறையும். தேங்காய் விளையும் ஊர் என்பதால் நம் பக்கத்தில் கதவுக் கீல் முதல் கத்தரிக்கோல் வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் விடுகிறோம். தையல் மெஷினுக்கு மட்டும் வேண்டாம்.

இறுகிய எண்ணெயைக் கரைக்க மண்ணெண்ணெய். ரேஷனில் வாங்கியது அரை லிட்டர் மிச்சம் இருந்தது. சொட்டுச் சொட்டாக விட, மாமியின் கண்மருந்து தீர்ந்த குப்பியைக் கழுவி எடுத்துக்கொண்டேன். அதன் மூக்கு எண்ணெய்த் துளைக்குள் அப்படியே இறங்கியது. தலையின் மேலே உள்ள துளைகள், முகப்புத் தகட்டுக்குள் ஊசித் தண்டு ஏறி இறங்கும் இடம், தலையைப் பின்னால் சாய்த்தால் அடியில் தெரியும் மூட்டுகள் என்று இரும்பும் இரும்பும் உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் விட்டேன். அடுப்பு எரிகிற இடத்தில் இதைச் செய்யக் கூடாது. நான் முற்றத்தில்தான் செய்தேன்.

அன்று மதியம் அப்பா சொன்ன யோசனைதான் நன்றாக வேலை செய்தது. "வெயில்ல வையி மக்களே. இரும்பு சுட்டாத்தான் பிசின் இளகும்." சாக்கு விரித்துத் தலையை மட்டும் கழற்றி வெயிலில் வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வைத்து இரண்டு மணிக்குப் பார்த்தால், மூட்டுகளில் இருந்து பழுப்புச் சாறு கசிந்து சாக்கில் வட்டமாக இறங்கியிருந்தது. பழைய துவர்த்தைக் (துண்டை) கிழித்துத் துடைத்தேன். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி வெயில். ஏப்ரல் 5 ஞாயிறு வரை இதே வேலை. அன்று இரவு 9 மணிக்கு எல்லோரும் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோமே, அதற்குச் சற்று முன்னால்தான் வீல் முதல் தடவையாக முக்கால் சுற்று வந்தது. வந்து, டக்கென்று நின்றது.

அப்பா சொன்ன இரண்டாவது கோளாறும் உள்ளே இருந்திருக்கிறது. முதல் கோளாறு அதை மறைத்திருந்தது.

மறுநாள் தலையைப் பின்னால் சாய்த்து, பாபின் கேஸை (அடி நூல் சுற்றிய உருளையின் கூடு) எடுத்துவிட்டு, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் சின்னக் கொக்கி உண்டு. அவற்றைத் திருப்பினால் வளையம் கையோடு வரும். பிறகு பிறை வடிவ ஷட்டிலை வெளியே எடுக்கலாம். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டில் சுழலும் பள்ளத்தில் பச்சை நூல் நான்கைந்து சுற்று இறுகிக் கிடந்தது. குண்டூசியால் நெம்பி எடுத்தேன். வெளியே வந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. மகள் எல்கேஜி படித்தபோது ஆண்டு விழாவுக்குக் கிளி வேஷம். அந்தப் பாவாடை. கடைசி ஓரத்தில் நூல் சிக்கி மெஷின் நின்றது. மிச்சத்தை ராத்திரி கையால் தைத்து முடித்தேன். அப்புறம் மெஷினைத் தொடவேயில்லை. நூலை மகளிடம் காட்டினேன். கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போனது. எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து படித்த பிள்ளை, நாள் ஆக ஆகப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். மெஷின் வேலைக்கு அவளையும் கூப்பிட்டது அதனால்தான். திருகுகளைக் கழற்றும் வரிசையில் ஒரு முட்டை அட்டையில் போட்டு, குழிக்குக் குழி எண் எழுதிவைத்தாள். ஒன்றுகூடத் தொலையவில்லை.

இப்போது வீல் முழுதாகச் சுற்றியது. ஆனால் ஓட்டக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மண்ணெண்ணெய் கழுவத்தான். அது உள்ள எண்ணெய்ப் பசை எல்லாத்தையும் எடுத்துரும். மெஷின் எண்ணெய் விடாம ஓட்டினா இரும்பை இரும்பு தின்னும்." மெஷின் எண்ணெய் விற்கும் கடை எதுவும் திறக்கவில்லை. மளிகை, காய்கறி, மருந்துக் கடைகள் மட்டும் மதியம் ஒரு மணி வரை.

சரி, அது வரும்வரை பெல்ட்டைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பழைய தோல் பெல்ட் தொட்டதும் துண்டு துண்டாகப் போனது. புது பெல்ட் 72 அங்குலம் நீளம் வரும். மேல் வீலையும் கீழ் வீலையும் ஒரு சரடால் சுற்றி அளந்துகொண்டு, இறுக்கத்துக்காக ஒரு அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும். கடை இல்லாதபோது என்ன செய்வது?

முதலில் துணி காயப்போடும் நைலான் கயிறு. வழுக்கியது. மிதி ஓடுகிறது, மேல் வீல் அப்படியே நிற்கிறது. அடுத்து சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிப் போட்டேன். பிடித்தது, ஆனால் ரப்பர் இழுபட்டு இழுபட்டு மேல் வீல் தாமதமாக வந்தது. ஊசி துணிக்குள் இறங்கும் இடத்தில் திணறியது. ரப்பர் காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு ரப்பர் உதவாமல் போனது வருத்தம்தான். மூன்றாவதாக மாமி ஒரு கயிறு எடுத்துத் தந்தார். மாமனார் காலத்தில் காளைக்கு மூக்கணாங்கயிறாக வாங்கி, போடாமலே இருந்த பருத்திக் கயிறு. கனம் சரியாக வீலின் பள்ளத்துக்கு ஒத்துவந்தது.

முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் முடிச்சு வீலில் ஏறி 'டொக்' என்று தூக்கும். அதனால் இரண்டு முனையையும் நேருக்கு நேர் முட்டவைத்து, சாக்கு ஊசியும் மெழுகு தடவிய நூலும் கொண்டு குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தேன். வழுக்காமல் இருக்க அப்பா சொன்ன மருந்து தேன்மெழுகு. அதற்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். அதை நம்பித்தான் விளைகளில் (தோட்டங்களில்) தேன்பெட்டி வைக்கிறார்கள். பக்கத்து விளைக்காரர் அந்த வருடம் தேன் எடுத்து முடித்திருந்தார். விற்க வழியில்லாமல் வீட்டில் டின் டின்னாக இருந்தது. மதிலுக்கு மேலே வாழையிலையில் பொதிந்து ஒரு உருண்டை மெழுகு வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அதை வெயிலில் இளக்கிக் கயிறு முழுதும் தேய்த்து, துணியால் அழுத்தி உருவினேன். கயிறு பிடித்தது. கடை பெல்ட் அளவுக்கு இல்லை, ஆனால் பிடித்தது.

இதற்கு நடுவே மாத்திரைப் பிரச்சினை. அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். வைத்தியம் திருவனந்தபுரத்தில். மாத்திரையும் அங்கிருந்துதான் மாதத்துக்கு ஒரு தடவை வாங்குவார்கள். களியக்காவிளையில் எல்லை அடைத்துவிட்டார்கள். கையில் இருந்தது ஏப்ரல் இரண்டாம் வாரம் வரைதான் வரும். டாக்டரைப் போனில் பிடித்தேன். கம்பெனி எதுவானாலும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் என்று இருந்தால் போதும், மற்ற இரண்டு மாத்திரையும் இப்படித்தான் என்று மருந்தின் பெயரைச் சொல்லித் தந்தார். தக்கலையில் கிடைத்தது. ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"என் மாத்திரை உருண்டையா சின்னதா இருக்கும். இது நீளமா இருக்குன்னு சொல்லுகா. இது வேற."

"உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான் அப்பா. பழைய அட்டையை எடுத்துப் பின்னால பாருங்க. சின்ன எழுத்துல அதே பேருதான் இருக்கும்."

"அதெல்லாம் பொறவு பாக்கலாம்" என்று பேச்சை மெஷினுக்கு மாற்றிவிட்டார். வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்தேன். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கொழுந்தன் மின்வாரியத்தில் லைன்மேன். பணி அடையாள அட்டை காட்டினால் விடுவார்கள். ஏப்ரல் 13 திங்கட்கிழமை குழித்துறைப் பக்கம் அவருக்கு வேலை இருந்தது. மாத்திரையையும், மாமி கட்டிக்கொடுத்த ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் அப்பா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அப்பா வெளியே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு வந்தார். பையில் அரைக் குப்பி மெஷின் எண்ணெய், ஊசி ஒரு பொதி, கூடவே சுருட்டிய தோல் பெல்ட். போனில் அப்பா, "நாளைக்கு விஷு இல்லியா. இந்த வருஷக் கைநீட்டம் இதுதான்" என்றார். விஷுவுக்குப் பெரியவர்கள் கையில் தருவதுதான் கைநீட்டம்.

எண்ணெயை விட்டேன். கழுவின இடமெல்லாம் ஒவ்வொரு சொட்டு, பிறகு கையால் ஐம்பது சுற்று. வீல் ஒரு விரலால் தள்ளினாலே சுழன்றது. பிறகு பெல்ட்டை எடுத்தேன்.

அது புது பெல்ட் இல்லை. அப்பாவின் மெஷினில் ஓடிய பெல்ட். அதைச் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கிற பெல்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனை தடவை அப்பாவுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். வீலில் உரசும் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி வளையும். இந்தப் பெல்ட் அப்படி இல்லை. ஒரு இடத்தில் மட்டும் மேல் வீலின் வளைவு அப்படியே படிந்து, நீட்டினாலும் மறுபடி சுருண்டது. பளபளப்பு இருக்க வேண்டிய பக்கத்தில் சாம்பல் மாதிரித் தூசி. நகத்தால் சுரண்டினால் அடியில் பச்சைப் பூஞ்சை. ஒரே இடத்தில் பல மாதம் அசையாமல் இருந்த தோல் அது.

ஆனால் போன வாரம்கூடக் கேட்டேனே, "நீங்க தைக்கிறீங்களா அப்பா" என்று. "ஓட்டிட்டுத்தான் இருக்கேன் மக்களே" என்றாரே.

மறுநாள் விஷு. விடியற்காலையில் மாமி கனி வைத்தார். கொன்னைப்பூ எங்கள் வேலியிலேயே பூத்திருந்தது. சக்கையும் (பலாப்பழம்) தேங்காயும் வீட்டில் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வந்து கனி கண்டதும் நான் அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா குளிக்கப் போயிருந்தார்.

"தீபாவளிக்குப் பொறவு அப்பா மெஷின்ல இருக்கல மக்களே" என்றார் அம்மா. "ஊசியில நூல் கோக்கத் தெரியல. ரெண்டு தடவை விரல்ல ஊசி ஏறிட்டு. உனக்குச் சொல்லாண்டாம்னு சொன்னாவ. நீ தனியா கிடந்து கஷ்டப்படுகியல்லா."

மாத்திரை விஷயமும் அப்போதுதான் விளங்கியது. அட்டையில் உள்ள எழுத்து அவருக்குத் தெரியவில்லை. உருண்டை, நீளம் என்று தடவிப் பார்த்துத்தான் இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறார். வடிவம் மாறியதும் பயந்துவிட்டார்.

அன்று பகலில் நான் மெஷினைத் தொடவில்லை. சாயங்காலம் அப்பாவே கூப்பிட்டு, "ஓடுதா?" என்று கேட்டார். கண்ணைப் பற்றிக் கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "நடுவுல கொஞ்சம் மங்கலா இருக்கு. பேடிக்காண்டாம். இப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போவ?" என்றார். நியாயமான கேள்விதான். திருவனந்தபுரத்துக்குப் போக முடியாது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு. அங்கே அழைத்துப் போகவும் பயம், விட்டுவிடவும் பயம். டாக்டரை மறுபடி போனில் பிடித்துச் சொன்னேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள், பார்வை திடீரென்று குறைந்தாலோ திரை விழுந்தது போல மறைத்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், இல்லையென்றால் வழி திறந்ததும் முதல் வேலையாக விழித்திரையைச் சோதியுங்கள் என்றார். அம்மா அன்றே மாத்திரைகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, காலைக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவுக்கு இரண்டு ரப்பர் பேண்டு என்று சுற்றிவைத்தார். அப்பா அதை ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் 16 முதல் தையலைச் சரிசெய்யும் வேலை. போனை மெஷின் மேசையிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஓட்டினேன். முதலில் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாக வளையம் போட்டது. எல்லோரும் உடனே பாபினைத்தான் திட்டுவார்கள். அடியில் வளையம் வந்தால் கோளாறு மேல் நூலில். அழுத்துகாலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும். தூக்கினால்தான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூலை உள்ளே விடும். நான் காலை இறக்கிவைத்துக் கோத்திருந்தேன். நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே போய்க்கொண்டிருந்தது.

அது சரியானதும் நடுநடுவே தையல் விட்டது. அப்பா சத்தத்தை வைத்தே, "ஊசி முழுசா ஏறல" என்றார். ஊசியின் ஒரு பக்கம் நீளப் பள்ளம் இருக்கும். நூல் கோக்கிற பக்கம் அது வர வேண்டும். அதைச் சரியாகத்தான் வைத்திருந்தேன், ஆனால் திருகை முடுக்கும்போது ஊசி ஒரு நூலிழை கீழே இறங்கியிருந்தது. மேலே முட்டும்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்கினேன். கடைசியாகப் பாபின் கேஸ். பாபினைப் போட்டு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தானாகக் கீழே ஓடினால் தளர்வு. லேசாக உதறினால் ஒரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். உதறினாலும் இறங்காவிட்டால் இறுக்கம். பக்கத்தில் உள்ள சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். நான் மூன்று தடவை திருப்பி, மூன்று தடவை தொங்கவிட்டுப் பார்த்தேன்.

பிறகு ஓட்டினேன். போனுக்கு அந்தப் பக்கம் அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு முழம் தைத்து முடித்ததும், "ம். இனி துணியைப் போடு" என்றார்.

முகக்கவசம் தைத்தது பெரிய வித்தையில்லை. வீட்டில் செய்த துணிக் கவசத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏப்ரல் தொடக்கத்தில் மத்திய அரசே சொல்லியிருந்தது. பழைய பருத்தி வேட்டியை வெந்நீரில் அலசி, காயவைத்து, 9 அங்குலத்துக்கு 7 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டி, மூன்று மடிப்பு கீழ்நோக்கி வைத்துத் தைத்தேன். எலாஸ்டிக் கிடைக்காததால் நான்கு மூலையிலும் துணி நாடா. மகள் மடிப்பு வைப்பாள், மாமி நாடா வெட்டுவார். முதல் மூன்று எங்களுக்கு. அடுத்தது கொழுந்தனுக்கும் அவர் கூட வேலை செய்கிறவர்களுக்கும். தேன்மெழுகு தந்த வீட்டுக்கு ஆறு. அப்பா அம்மாவுக்கு நான்கு, அடுத்த மாத்திரையோடு போனது. மே மாதம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வேலைக்குத் திரும்பியபோது அவர்களும் கேட்டு வந்தார்கள். காசு வாங்கவில்லை. துணி அவர்கள் கொண்டுவந்தார்கள்.

கணவருக்கு அங்கே பாதிச் சம்பளம். வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் மே 7 முதல் தொடங்கியதும் பெயர் பதிந்தார். பிறகு வேலை மறுபடி ஆரம்பித்ததால் அங்கேயே இருந்துவிட்டார். ராத்திரி பேசும்போது மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்வார். பரீட்சை ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9-ஆம் தேதி ரத்து என்று அறிவித்தார்கள். மகள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள். இவ்வளவு படித்தது யாருக்கும் தெரியாமல் போயிற்றே என்றாள். அவளை என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 1 முதல் பஸ் ஓடியது. மறுவாரமே அப்பாவை நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சர்க்கரையால் விழித்திரையில் கசிவு. போன பார்வை முழுதும் திரும்பும் என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். லேசர் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்கள். திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெல்ட் இப்ப எப்படி ஓடுது?"

பெல்ட் என் பையில்தான் இருந்தது. இரண்டு மாதம் தினமும் ஓடியதில் படிந்த வளைவு போய், பக்கம் பளபளப்பாகியிருந்தது. என் மெஷினில் மெழுகுக் கயிற்றை மறுபடி மாட்டிவிட்டு இதைக் கழற்றி எடுத்துவந்திருந்தேன். அப்பா வீட்டுத் திண்ணையில் அவர் மெஷினுக்கு மாட்டினேன். தோல் நீண்டிருந்ததால் அரை அங்குலம் வெட்டி, புதுத் துளை போட்டுக் கம்பிக் கொக்கியை மாட்டினேன். அப்பா பெல்ட்டை உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு மிதியில் கால் வைத்தார்.

நூல் கோப்பது இனி அவரால் முடியாது. மகள் வெள்ளை நூலைக் கோத்து வைத்துவிட்டு, தாத்தாவின் விரலைப் பிடித்து நூல்கண்டு இருக்கும் இடத்தில் வைத்துக் காட்டினாள். கண்டு தீரப்போகும்போது நூலை உருவிவிடக் கூடாது, பழைய நூல் நுனியோடு புதுக் கண்டின் நூலை இறுக்கமாகச் சின்ன முடிச்சாகக் கட்டி, ஊசிப் பக்கம் இருந்து மெதுவாக இழுத்தால் எல்லாக் கொக்கியிலும் அதுவே கோத்துக்கொண்டு வரும். ஊசிக் காதில் முடிச்சு சிக்கினால் மட்டும் அம்மாவைக் கூப்பிட வேண்டும். இரண்டு தடவை செய்து பார்த்தார். இரண்டாவது தடவை முடிச்சு காதைத் தாண்டிவிட்டது. அம்மாவின் பழைய முண்டு ஒன்றை எடுத்து, ஓரத்தை விரலால் தடவித் தடவி மடித்து, தைக்கத் தொடங்கினார்.